எல்லார் கையிலும் ஒரே நிமிடம்



கார்த்திகை இதழ் இது. உங்கள் வீட்டுக்கு இது வந்து சேரும்போது கீழ்பென்னாத்தூர் கடைத்தெருவில் அகல் விளக்குகள் குவிந்திருக்கும், பொரி உருண்டைக்கு வெல்லம் வாங்கும் கூட்டமும் தொடங்கியிருக்கும். கார்த்திகை தீபத்தன்று மாலை நம் பக்கத்தில் யாரும் வீட்டு விளக்கை முதலில் ஏற்றுவதில்லை. மொட்டை மாடியிலும் ஏரிக்கரையிலும் மேற்கே பார்த்தபடி நிற்போம். திருவண்ணாமலை மலையுச்சியில் சுடர் தெரிந்த பிறகுதான் வாசலில் அகல்.

போன மாதம் பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர் அஞ்சலட்டை எழுதியிருந்தார். "தீபம் சரியாக ஆறு மணிக்கு ஏற்றுகிறார்கள் என்கிறீர்கள். அது எந்தக் கடிகாரத்து ஆறு மணி? எங்கள் வீட்டில் மூன்று கடிகாரம் இருக்கிறது. மூன்றும் மூன்று நேரம் காட்டுகிறது." கேள்வி-பதில் பகுதியில் இரண்டு வரி எழுதி முடித்திருக்கலாம். மனம் வரவில்லை. இந்தப் பக்கம் முழுவதையும் அந்தப் பிள்ளைக்கே கொடுக்கிறேன்.

முதலில் நேரடியான பதில். அது இந்தியத் திட்ட நேரப்படி ஆறு மணி. அந்த நேரத்தைத் தில்லியில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகம் அணுக் கடிகாரங்களை வைத்துக் காத்து வருகிறது. கிழக்குத் தீர்க்கரேகை 82.5 பாகையில் சூரியன் எப்படி நகர்கிறதோ அதை வைத்துக் கணக்கிட்ட நேரம் அது. நாம் அந்தக் கோட்டுக்கு மேற்கே மூன்றே கால் பாகை தள்ளி இருக்கிறோம். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்றால் நம்முடைய சொந்த நேரம் கைக்கடிகாரத்துக்குச் சுமார் 13 நிமிடம் பின்தங்கியது. மலையில் சுடர் எழும் ஆறு மணி, நம் ஊர் மண்ணின் கணக்கில் 5.47 தான்.

இன்னொன்றும் உண்டு. வெட்டவெளியில் ஒரு குச்சியை நட்டு, அதன் நிழல் மிகக் குட்டையாகும் நேரத்தைக் குறித்துக்கொண்டே வாருங்கள். அதுதான் உச்சிப்பொழுது. ஐப்பசி நடுவில் அது கடிகாரத்தில் 11.57க்கே வந்துவிடும். மாசி பிறக்கும்போது 12.27 ஆகும். பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரிவட்டம் இல்லை, பூமியின் அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் வருடத்தில் அரை மணி நேரம் முன்னும் பின்னும் ஊசலாடுகிறது உச்சிப்பொழுது. பள்ளி மாணவர்கள் செலவில்லாமல் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது. செய்து பார்த்து எழுதுங்கள், அச்சிடுகிறேன்.

நம் முன்னோர் சூரியனோடு இந்த ஊசலை ஏற்றுக்கொண்டே வாழ்ந்தார்கள். ஒரு நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 24 நிமிடம். அரசன் பாசறையில் நீர்க் கன்னலைப் பார்த்துப் பொழுது அளந்து சொல்லும் ஆட்களை முல்லைப்பாட்டில் காண்கிறோம். கும்பகோணம் பக்கம் திருவிசநல்லூர் சிவன் கோயில் மதிலில் இன்றும் ஒரு நிழற்கடிகாரம் இருக்கிறது. வயலில் நிற்கும் விவசாயிக்கோ துரும்பு ஒன்றே போதும். பதினாறு விரற்கடை நீளத்துக்கு ஒரு துரும்பைக் கிள்ளி, ஒரு துண்டு நிற்க, மற்றது தரையில் படுக்க மடிப்பார்கள். நிற்கும் துண்டின் நிழல் படுத்த துண்டின் நுனியைத் தொடும்வரை மடிப்பை நகர்த்துவார்கள். நிற்பது எத்தனை விரலோ அத்தனை நாழிகை. காலையில் என்றால் பொழுது விடிந்து ஆன நாழிகை, பிற்பகலில் என்றால் பொழுது சாய மிச்சம் இருக்கும் நாழிகை. இதைச் செய்து காட்டும் பெரியவர்கள் நம் வட்டாரத்தில் இன்னும் இருந்தால் தயவுசெய்து எனக்குத் தெரியப்படுத்துங்கள்.

ஆனால் மேகம் மூடிய நாளில் துரும்பு பேசாது. கன்னலைப் பார்க்கும் ஆளோ அரண்மனையில் இருந்தான், கோயிலில் இருந்தான். கூலிக்காரன் வீட்டில் இல்லை. நான் இந்தப் பக்கத்தில் சொல்ல வருவதே இதைப் பற்றித்தான். சரியான நேரம் என்பது வெகுகாலம் பெரிய இடத்துச் சொத்தாகவே இருந்தது.

சென்னைக்குப் போனால் நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் 15 அடி உயரக் கருங்கல் தூண் ஒன்றைப் பார்க்கலாம். 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய சென்னை வானாய்வகத்தின் மிச்சம் அது. தமிழிலும் தெலுங்கிலும்கூட அதில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். கப்பல் நடுக்கடலில் தான் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத் துல்லியமான நேரம் வேண்டும். நேரம் நான்கு நிமிடம் பிசகினால் இடம் ஒரு பாகை பிசகும். வியாபாரம் அதை நம்பி இருந்தது, அதனால் கம்பெனி வானத்தைப் பார்த்தது. அந்த ஆய்வகத்தில்தான் சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்ற நம்மவர் வேலை பார்த்தார். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார், நேரில் கண்ட கணக்கை வைத்துத் திருக்கணிதப் பஞ்சாங்கமும் கொண்டுவந்தார். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது அதைப் பற்றிச் சாதாரண மக்களுக்குப் புரியும்படி தமிழிலும் நூல் வெளிவரச் செய்தார். பள்ளிப் பாடத்தில் அவரைப் பற்றி ஒரு பத்தியாவது இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஆய்வகத்து நேரம் தந்தி வழியாக ரயில் நிலையங்களுக்குப் போனது. சென்னை நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால். பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் நடுவில் விழுந்ததால் நாடு முழுவதும் ரயில்கள் அதன்படி ஓடின. 1906 ஜனவரி 1 முதல் ஐந்தரை மணி நேரக் கணக்கு வந்தது. ரயிலுக்கு ஒரு நேரம், ஊருக்கு ஒரு நேரம் என்று இருந்த குழப்பம் மெல்ல ஓய்ந்தது. பம்பாய் மட்டும் 1955 வரை தன் நேரத்தை விடவில்லை. நேரத்தை யார் முடிவு செய்வது என்பது எப்போதும் அதிகாரத்தின் கேள்விதான். இலங்கையில் 1996இல் மின்சாரத்தைச் சேமிக்கக் கடிகாரத்தை முன்னே நகர்த்தியபோது, விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் பழைய நேரத்திலேயே நின்றன. ஒரே தீவில் இரண்டு நேரம். 2006 ஏப்ரலில் நாடு முழுவதும் பழையபடி ஐந்தரைக்கே திரும்பியது.

கோட்டையில் நேரம் அறிவிக்கப் பீரங்கி வெடிப்பது சென்னையில் வழக்கமாக இருந்தது. பீரங்கியில் ஒரு சிக்கல் உண்டு. ஓசை ஒரு கிலோமீட்டர் போக மூன்று விநாடி ஆகும். ஐந்து கிலோமீட்டர் தள்ளி நிற்பவனுக்கு நேரம் பதினைந்து விநாடி தாமதமாகக் கிடைக்கும். அதனால்தான் கிரீன்விச்சில் 1833 முதல் ஒரு பெரிய பந்தைக் கோபுர உச்சிக்கு ஏற்றிப் பகல் ஒரு மணிக்குக் கீழே விழ விடுகிறார்கள். கப்பல்காரர்கள் கண்ணால் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள். நம் அண்ணாமலை 2,668 அடி உயரம். அதன் உச்சியில் எழும் சுடர் இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நம்மை வந்து சேர ஒரு விநாடியில் பதினைந்தாயிரத்தில் ஒரு பங்குதான் ஆகும். செஞ்சி சாலையில் இருப்பவரும் வேட்டவலம் பக்கத்தில் இருப்பவரும் ஒரே நொடியில் அகலைப் பற்ற வைக்கிறார்கள். பக்திக்காக ஏற்றும் தீபம்தான். அதற்குள் இப்படி ஒரு ஒழுங்கும் இருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது.

கைக்கடிகாரம் சாட்சி சொன்ன சம்பவம் ஒன்று திருவண்ணாமலையிலேயே நடந்திருக்கிறது. 1950 ஏப்ரல் 14, இரவு. ஆன்றி கார்த்தியே ப்ரஸோன் என்ற புகழ்பெற்ற பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் அப்போது ஊரில் தங்கியிருந்தார். வானத்தில் பிரகாசமான எரிகல் ஒன்று வால் நீட்டிக்கொண்டு போனதை நண்பர்களோடு வாசலில் நின்று பார்த்தார். எல்லாரும் ஒரே நேரத்தில் கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார்கள். மணி 8.47. ஆசிரமத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் ரமண மகரிஷி அதே நிமிடத்தில் சமாதி அடைந்திருந்தார். எரிகல்லுக்கு அவரவர் நம்பிக்கைப்படி பொருள் சொல்லிக்கொள்ளலாம். என் கண்ணில் படுவது வேறு. அன்று அந்த வாசலில் நின்றவர்கள் கையில் கடிகாரம் இருந்தது, அதனால் அந்த நிமிடம் வரலாற்றில் நின்றது. அதே இரவில் சுற்றுப்பட்டு ஊர்களில் அதே எரிகல்லை எத்தனையோ பேர் பார்த்திருக்கக்கூடும். அவர்கள் கையில் கடிகாரம் இல்லை.

எங்கள் தலைமுறைக்குக் கைக்கடிகாரம் என்றால் எச்எம்டி. பெங்களூரில் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு 1961இல் தொடங்கிய அரசுத் தொழிற்சாலை அது. ஜனதா, பைலட், கோஹினூர் என்று மாடல்கள். காலையில் எழுந்ததும் சாவி கொடுக்க வேண்டும். முகப்பில் '17 ஜுவல்ஸ்' என்று எழுதியிருக்கும். உள்ளே ஹேர் ஸ்பிரிங் விநாடிக்கு ஐந்து தடவை தட்டும். நல்ல நிலையில் இருந்தாலே நாளுக்கு அரை நிமிடம் முன்னே பின்னே போகும். தூசி விழுந்தால், எண்ணெய் காய்ந்தால் இன்னும் மோசம். அதனால் காலை 7.15க்கு ஆகாசவாணி தில்லிச் செய்தியைத் திறந்து வைத்து வீட்டுப் பெரியவர் கடிகாரத்தைத் திருத்துவார். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு வாட்ச், வேலையிலிருந்து ஓய்வு பெறும்போது வாட்ச். தெருவில் ஆசிரியர், தபால்காரர், விஏஓ, மிராசுதார் கையில் மட்டும் இருக்கும். மற்றவர்கள் அவர்களை வழிமறித்து "சார், மணி என்ன?" என்று கேட்டு வாழ்ந்தார்கள். 2016இல் எச்எம்டி கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு முடிவெடுத்தபோது, பலர் பெட்டியிலிருந்து அப்பாவின் வாட்சை எடுத்துத் துடைத்துக் கட்டிக்கொண்டார்கள்.

கடிகாரம் சிலர் கையில் மட்டும் இருந்த நிலையை மாற்றியது ஒரு கல். குவார்ட்ஸ், தமிழில் படிகக்கல். 1880இல் பாரிஸில் ழாக் கியூரி, பியேர் கியூரி என்ற சகோதரர்கள் ஒன்றைக் கண்டார்கள். இந்தப் படிகத்தை அழுத்தினால் மின்னூட்டம் எழுகிறது. மறு வருடமே அதன் மறுபக்கமும் தெரிந்துவிட்டது. மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் அதிர்கிறது, அதுவும் பிசகாத வேகத்தில். பியேர்தான் பின்னாளில் மேரி கியூரியின் கணவர். 1927இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வாரன் மாரிசன் இதை வைத்து முதல் படிகக் கடிகாரத்தைச் செய்தார். அது கையில் கட்டுகிற சரக்கு இல்லை, பெரிய அலமாரி கொள்ளும் கருவி. 1957இல் ஹாமில்டன் நிறுவனம் செல் போட்ட கைக்கடிகாரம் விற்றது. 1960இல் புலோவா நிறுவனத்தின் அக்யூட்ரான் வந்தது. அதற்குள் சின்ன உலோக இசைக்கவை ஒன்று விநாடிக்கு 360 தடவை அதிரும். காதருகே வைத்தால் டிக் டிக் கேட்காது, மெல்லிய ரீங்காரம்தான் கேட்கும்.

1969 டிசம்பர் 25, டோக்கியோ. சீக்கோ நிறுவனம் அஸ்ட்ரான் என்ற பெயரில் உலகின் முதல் படிகக் கைக்கடிகாரத்தைக் கடைக்குக் கொண்டுவந்தது. விலை 4,50,000 யென். அன்று ஜப்பானில் ஒரு சின்னக் கார் வாங்கும் பணம். பிசகு மாதத்துக்கு ஐந்து விநாடி. சாவி கொடுக்கும் வாட்ச் ஒரே நாளில் காட்டும் பிசகைவிட இது ஒரு மாதத்தில் காட்டியது குறைவு! சுவிட்சர்லாந்தின் விஞ்ஞானிகளும் இதே கல்லை வைத்துக் கடிகாரம் செய்திருந்தார்கள். ஆனால் அங்கே முதலாளிகளுக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. 1970இல் அந்த நாட்டுக் கடிகாரத் தொழிலில் சுமார் 90,000 பேர் இருந்தார்கள். பதினைந்து வருடத்தில் அது மூன்றில் ஒரு பங்கு ஆனது. மலைக்கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக லென்ஸை மாட்டி உட்கார்ந்திருந்த குடும்பங்கள் அவை. நம் பக்கம் கைத்தறிக்கு நேர்ந்ததைக் கண்ணால் கண்டவர்களுக்கு அந்த வலி புரியும்.

கார் விலைக்கு விற்ற பொருள் எப்படி நம் கைக்கு வந்தது? படிகத்தை ஒவ்வொன்றாக அறுத்துச் செதுக்காமல், மெல்லிய படிகத் தகட்டில் அச்சு எடுப்பதுபோல ஒரே தடவையில் நூற்றுக்கணக்கான இசைக்கவை வடிவத் துண்டுகளை அரித்தெடுக்கக் கற்றார்கள். கூடவே சிலிக்கான் சில்லும் மலிவானது. 1980களில் சிங்கப்பூர், துபாய் போய் வந்தவர்கள் சட்டைப்பையில் கறுப்பு டிஜிட்டல் வாட்சுகள் வந்தன. சென்னை பர்மா பஜாரில் குவியல் போட்டு விற்றார்கள். கேசியோ என்ற பெயர் சின்னப் பிள்ளைகள் வாயில் புழங்கியது.

இந்த இதழுக்காக நம் கடைத்தெருவில் வாட்ச் ரிப்பேர் செய்பவர் ஒருவரிடம் போய் உட்கார்ந்தேன். ஓடாமல் நின்ற முள் வாட்ச் ஒன்றைத் திறந்து காட்டினார். பின்மூடியைச் சின்னக் கத்தியால் நெம்பினார். உள்ளே வட்டமான செல், '626' என்று கேட்டு வாங்குகிற அந்தச் சின்ன செல். பக்கத்தில் காயில், இழை தனித்துத் தெரியாத அளவு மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றியது. ஓரத்தில் ஒரு நெல்மணி அளவுக்கு வெள்ளி நிற உருளை. அதற்குள் காற்றை உறிஞ்சிவிட்டு மூடிய படிகக் கவை. "இதுதாங்க உசுரு. இது கெட்டுப்போறது ரொம்ப அபூர்வம். செல்லு ஒழுகி சர்க்யூட்டு போவும், ஈரம் இறங்கி காயிலு போவும். கல்லு போவாது" என்றார்.

அந்தக் கல் விநாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. ஏன் இந்த விசித்திர எண்? இதைப் பாதியாக்குங்கள், 16,384. மறுபடி பாதி, 8,192. இப்படியே பதினைந்து தடவை பாதியாக்கினால் சரியாக 1 வரும். சில்லு செய்யும் வேலை அவ்வளவுதான். ஒரு விநாடிக்கு ஒரு மின்துடிப்பு காயிலுக்குப் போகும். காயில் ஒரு குட்டிக் காந்தத்தை அரைச் சுற்று திருப்பும். பல்சக்கரங்கள் விநாடி முள்ளை ஒரு கோடு தள்ளும். புது செல் போட்டதும் முள் எழுந்து நடந்தது. ரிப்பேர்காரர் தன் கைபேசியைப் பார்த்துக்கொண்டே, விநாடி முள் 12இல் வந்ததும் சாவியை இழுத்து நிறுத்தி, நிமிடத்தைத் திருத்தி, சரியான நொடியில் அமுக்கினார். நாற்பது வருடமாக இந்த வேலை செய்யும் விரல்கள். அந்த அமுக்கலில் அவ்வளவு கண்ணியம் இருந்தது.

இனி நமக்குப் பெருமை தரும் பகுதிக்கு வருகிறேன். 1984இல் டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூட்டாக டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கின. தொழிற்சாலை ஓசூரில். செர்க்ஸஸ் தேசாய் தலைமையேற்றார். பிரான்ஸ் எபோஷ் என்ற பிரெஞ்சு நிறுவனம் தொழில்நுட்பம் தந்தது. சாவி கொடுக்கும் வாட்சே நம்பகமானது என்று நாடு நினைத்த காலத்தில், படிகத்தையே நம்பி இறங்கினார்கள். 1987இல் டைட்டன் கடைக்கு வந்தது. தொலைக்காட்சி விளம்பரத்தில் மோட்சார்ட்டின் சிம்பொனி ஒலித்தது. அது மோட்சார்ட் என்று தெரியாமலே முணுமுணுத்த ஊர் நம் ஊர்.

வேலைக்கு யாரை எடுத்தார்கள் என்பதுதான் முக்கியம். தமிழ்நாட்டுக் கிராமப்புறங்களில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளைத் தேடிப் பிடித்துப் பயிற்சி கொடுத்தார்கள். பம்புசெட்டு அடியில் குளித்துவிட்டுப் பள்ளிக்குப் போன பிள்ளைகள் வெள்ளை அங்கி போட்டு, தூசி நுழையாத அறையில் உட்கார்ந்து, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகாமல் கடிகாரம் கோத்தார்கள். மாற்றுத்திறனாளிகளையும் ஆரம்பத்திலிருந்தே சேர்த்துக்கொண்டார்கள். மைராடா தொண்டு நிறுவனத்தின் உதவியோடு சுற்றுக் கிராமப் பெண்கள் 'மீடோ' என்ற பெயரில் ஒன்று சேர்ந்து வாட்ச் செயின் கோக்கும் தொழிலை நடத்தினார்கள். 2002இல் ஓசூரில் செய்த 'எட்ஜ்' வாட்ச் மொத்தமே 3.5 மில்லிமீட்டர் தடிமன். அதன் மிஷின் 1.15 மில்லிமீட்டர்தான், நம் ஒரு ரூபாய் நாணயத்தைவிட மெல்லியது. கடிகாரம் என்றால் சுவிட்சர்லாந்து என்று சொல்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

இந்தத் துல்லியத்தால் யாருக்கு லாபம்? நேரம் தவறினால் காத்திருக்க ஆள் இருக்கிற பெரிய மனிதருக்கு அரை நிமிடம் ஒரு பொருட்டில்லை. கீழ்பென்னாத்தூர் பஸ் நிறுத்தத்தில் நிற்பவருக்கு அது பொருட்டு. தனியார் பஸ்களுக்கு இடையே டைமிங் தகராறு எத்தனை பார்த்திருக்கிறோம்! இரண்டு நிமிடம் முன்னே பின்னே போனால் ஒரு நாள் கலெக்‌ஷனே போய்விடும் என்பதால் கண்டக்டரும் டைம் கீப்பரும் கடிகாரத்தைக் காட்டித்தான் வழக்காடுவார்கள். கூட்டுக் கிணற்றில் அண்ணன் தம்பிக்குள் மோட்டார் முறை மணிக்கணக்கில்தான் போகிறது. மும்முனை மின்சாரம் வருகிற நேரத்துக்குள் மணிலாவுக்குத் தண்ணீர் கட்டி முடிக்க வேண்டும். கழனியில் களை எடுக்கும் பெண்கள் "மணி ஒண்ணாச்சு" என்று சொல்லிக் கரையேறுகிறார்கள். அந்த வார்த்தையை முன்பெல்லாம் நிலத்துக்காரர்தான் சொல்வார். இன்று கூலிக்கு வந்த அம்மாள் தன் கையைப் பார்த்துச் சொல்கிறார். மலிவான ஒரு படிகம் நம் ஊரில் செய்த மாற்றங்களில் இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

பிளஸ் டூ தேர்வை நினைத்துப் பாருங்கள். 10 மணிக்கு வினாத்தாள், 10.10 வரை படிக்க, 10.15க்கு எழுதத் தொடக்கம். கைபேசிக்கு உள்ளே அனுமதி கிடையாது. அரசுப் பள்ளிப் பிள்ளை கையில் கட்டியிருக்கும் நூற்றைம்பது ரூபாய் வாட்சும் பட்டணத்துப் பிள்ளை கட்டியிருக்கும் வாட்சும் ஒரே 10.15தான் காட்டும்.

படிகத்தைத் தாண்டியும் உலகம் போயிருக்கிறது. 1955இல் இங்கிலாந்தில் லூயி எஸ்ஸென் என்பவரும் ஜாக் பாரியும் சீசியம் அணுக் கடிகாரத்தைச் செய்தார்கள். 1967 முதல் ஒரு விநாடி என்பது சீசியம் அணுவின் 9,192,631,770 அலைவுகள் என்று உலக நாடுகள் வரையறுத்துவிட்டன. கைபேசியில் வழி பார்க்கிறோமே, அது முழுவதும் நேரக் கணக்குத்தான். உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோள் தன் நேரத்தைச் சொல்கிறது, அந்தச் செய்தி எவ்வளவு தாமதமாக வந்தது என்று பார்த்துக் கைபேசி தூரத்தைக் கணக்கிடுகிறது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு விநாடி பிசகினால் 300 மீட்டர் பிசகும். கீழ்பென்னாத்தூர் கடைத்தெருவில் இருப்பவரை ஏரிக்குள் காட்டும். நம் நாட்டின் வழிகாட்டிச் செயற்கைக்கோள் திட்டமான நாவிக்கின் முதல் செயற்கைக்கோளில் வெளிநாட்டிலிருந்து வாங்கி வைத்த மூன்று கடிகாரங்களும் பழுதாகின. அதன் பிறகு அகமதாபாத்தில் நம்மவர்களே ரூபிடியம் அணுக் கடிகாரம் செய்து, 2023 மே 29 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து என்விஎஸ்-01 செயற்கைக்கோளில் ஏற்றி அனுப்பினார்கள்.

அஞ்சலட்டை எழுதிய பிள்ளைக்கு: உங்கள் வீட்டுக் கடிகாரம் மூன்றையும்விடக் கைபேசி காட்டுவதே தில்லிக்கு மிக நெருக்கமானது, அது வலைப்பின்னலிலிருந்து நேரத்தை வாங்கிக்கொள்கிறது. கடிகாரங்கள் மாறுவதற்கு ஒரு காரணம் வெயில். படிகக் கவை 25 பாகை வெப்பத்தில்தான் சரியாக அதிரும்படி வெட்டியது. அதைவிடச் சூடானாலும் மெதுவாகும், குளிர்ந்தாலும் மெதுவாகும். அக்னி நட்சத்திரத்தில் 40 பாகை கொதிக்கும் ஓட்டு வீட்டில், சுவரில் மாட்டிய கடிகாரம் நாளுக்கு முக்கால் விநாடி அளவுக்குப் பின்தங்கும், மாதத்துக்கு இருபது விநாடி. கையில் கட்டிய வாட்சை நம் உடம்புச் சூடு ஓரளவு ஒரே நிலையில் வைத்திருக்கும். ஆகவே கழற்றி அலமாரி மேல் போடாமல் கட்டிக்கொள்ளுங்கள். தீபத்தன்று ஐந்தே முக்காலுக்கே மூன்றையும் கைபேசியைப் பார்த்துத் திருத்திவிட்டு மாடிக்குப் போங்கள்.

பெரியவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். கீழ்பென்னாத்தூர், வேட்டவலம், அவலூர்பேட்டை பக்கத்திலிருந்து ஓசூர் போய்க் கடிகாரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள், இன்னும் பார்க்கிறவர்கள், உங்கள் அனுபவத்தை எழுதி அனுப்புங்கள். எழுத நேரமில்லை என்றால் ஒரு வரி போடுங்கள், நாங்களே வந்து கேட்டு எழுதிக்கொள்கிறோம். தை இதழில் அதற்காகப் பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறேன். இன்னொன்று, பீரோவில் நின்றுபோன வாட்ச் இருந்தால் இந்த வாரமே கடைத்தெருவுக்குக் கொண்டுபோய் உள்ளே இருக்கும் செத்த செல்லைக் கழற்றச் சொல்லுங்கள். ஒழுகிவிட்டால் சர்க்யூட் போய்விடும். கழற்றி வைத்தால் பேரப்பிள்ளை கேட்கும்போது புது செல் போட்டுக் கட்டிவிடலாம்.

அன்புடன்,
ஆசிரியர்